கடைசிப் பந்தையும் கொடுத்துவிட்ட தம்பி

இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். தம்பி போய் இன்றோடு ஒரு வருஷம். ஈப்போ சிலிபினில் உள்ள வீட்டில் படையல் போட்டு, வந்தவர்களைச் சாப்பிட வைத்து அனுப்பினால் போதும் என்று வீட்டில் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. தம்பியைப் பற்றி அச்சில் வர வேண்டும், அதையும் நான்தான் எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டேன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனால் ஈப்போவில் என் லோரி போகாத சந்து கிடையாது. யாரும் கைப்பிடித்துத் தூக்கிவிட்டு நான் மேலே வரவில்லை. மலைப்பாதையில் லோரி ஓட்டியவனுக்கு நாலு பக்கம் எழுதுவது பெரிய காரியமா என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, பெரிய காரியம்தான்.

எழுத்துப் பிழைகளை மகள் பார்த்துத் திருத்தினாள். "அப்பா, மலர்ல சித்தப்பாவ அவர், இவருன்னுதான் எழுதணும்" என்றாள். அப்படியும் ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். யாரோ பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியரைப் பற்றி எழுதியதுபோல இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன். இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளையை எனக்கு அவன் என்றுதான் எழுத வருகிறது. பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நாங்கள் பிறந்தது தெலுக் இந்தான் போகும் சாலையில் இருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில். வெள்ளைக்காரன் வைத்த பெயர் ஒன்று உண்டு. எங்கள் ஆட்கள் செம்மண் தோட்டம் என்றுதான் சொல்வார்கள். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தார்கள். எனக்குப் பின்னால் பிறந்தவை தங்கவில்லை. வெகுநாள் கழித்து, நான் தோட்டக் கணக்கெழுதும் கிராணி வீட்டு மாடுகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த வயதில், தம்பி பிறந்தான். அதோடு அம்மாவின் உடம்பு விழுந்துவிட்டது. பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விடுவதும் திரும்பத் தூக்கி வருவதும் என் வேலையாயிற்று. அவன் முதலில் பேசிய வார்த்தை அம்மா இல்லை, அண்ணே. இதை நான் சொன்னால் வீட்டில் நம்ப மாட்டார்கள். அம்மாவே சொல்லியிருக்கிறார்கள்.

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வரிசை வீடுகளோடு தாமான் வந்தது. தோட்டத்து முனியாண்டி கோயில் மட்டும் அதே மரத்தடியில் நிற்கிறது. அதற்குள் நான் ஈப்போவில் லோரிக் கெலிண்டானாக, டிரைவருக்கு உதவியாளாகச் சேர்ந்து, லோரிக்குப் பின்னால் நின்று "வா, வா, நிறுத்து" என்று கத்திக் கத்தியே ஓட்டவும் பழகி, டிரைவராகிவிட்டேன். சிலிபினில் வீடு பிடித்து மூன்று பேரையும் அழைத்து வந்தது நான்தான்.

லோரி நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சீனர் சங்கம் இருந்தது. அதன் பின்புறம் கூடைப்பந்துத் திடல். பள்ளி விட்டதும் தம்பி எனக்காக அங்கே காத்திருப்பான். காத்திருந்தவன் பந்து பொறுக்கிக் கொடுத்தான், பொறுக்கிக் கொடுத்தவன் உள்ளே போனான். சங்கத்துக் கோச் மிஸ்டர் ஓங் ஒருநாள் என் லோரிக் கதவைத் தட்டி மலாயில் சொன்னார்: "உன் தம்பி உயரம் பத்தாது. ஆனால் முதுகிலும் கண் இருக்கிறது. எனக்குக் கொடு."

"எங்க வம்சமே அப்படித்தான் தவ்க்கே" என்றேன். "நான் பத்துச் சக்கர லோரிய கெலிண்டான் இல்லாமலே சந்துக்குள்ள பின்னால எடுப்பேன்."

அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "நம்ம ஆளுங்க காலால உதைக்கிற ஆட்டம் ஆடுவானுங்க. இவன் என்னாடா, மாவு தட்டுற மாதிரி தரையில தட்டிக்கிட்டு இருக்கான்?" என்றார்கள். தட்டட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நான் நின்றேன். அன்றைக்கு நான் நிற்காவிட்டால் தம்பியும் இன்னொரு லோரி டிரைவர்தான். இதைச் சபையில் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

கூடைப்பந்து தெரியாத உறவினர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். தம்பி ஆடிய இடத்துக்கு பாயின்ட் கார்ட் என்று பெயர். பந்தை முன்னால் கொண்டுபோவது அவன். யார் கையில் கொடுத்தால் வளையத்தில் விழும் என்று பார்த்து அவர் கையில் கொடுப்பதும் அவன். போடுகிற ஆள் வேறு. பந்து விழுந்துவிட்டால் கூட்டம் போட்டவனைத்தான் தூக்கும். எனக்கு இது புரிய எத்தனையோ வருஷம் ஆயிற்று. உங்களுக்கு ஒரு பத்தியில் சொல்லிவிட்டேன்.

ஈப்போவில் தொடங்கி கோலாலம்பூர் போனான். அங்கிருந்து பாங்காக். பிறகு சுரபாயா, மணிலா, சிங்கப்பூர், மறுபடியும் சுரபாயா. ஊர் ஊராகச் சுற்றுகிறான் என்று நாம் பெருமையாகச் சொன்னோம். சுற்றியது ஆசைக்காக இல்லை. ஒரு இடத்தில் முதலாளி குழுவைக் கலைத்துவிடுவான். இன்னொரு இடத்தில் புதுக் கோச் வந்து, எனக்கு உயரமான ஆள் வேண்டும் என்பான். ஒரு பையைத் திறந்து சாமான் அடுக்கும் முன்னால் அடுத்த ஊருக்கு அதையே மூட வேண்டும். என் மனைவி, அவனுக்கு அண்ணி, அரைத்துக் கொடுத்த மசாலா மட்டும் எல்லா ஊருக்கும் போயிற்று. மணிலாவில் மீன் கறி வைத்துவிட்டு, "அண்ணி, புளி தூக்கிருச்சு, என்னா செய்யட்டும்?" என்று தொலைபேசியில் கேட்பான்.

பெண் பார்க்கவும் போனோம். தைப்பிங்கில் நல்ல குடும்பம். வெளியே மழை கொட்டுகிறது. பெண்ணின் அப்பா கேட்டார்:

"மாப்பிள்ளைக்கு என்னா வேலை?"

"பந்து விளையாடுறாரு" என்றேன்.

"அது சரி. வேலை?"

தம்பிக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. காப்பி புரையேறிவிட்டது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பிறகு எத்தனை இடம் சொன்னாலும், "யாரையாச்சும் கூட்டிக்கிட்டு ஊரு ஊரா அலைய வைக்கவா அண்ணே?" என்று தட்டிவிட்டான்.

அவனுடைய சட்டையின் முதுகில் அவன் பெயர் இருக்காது, தம்பி என்றுதான் இருக்கும். சங்கத்தில் ஆடிய காலத்தில் நான் வேலியோரம் நின்று "தம்பி! தம்பி!" என்று கத்துவேன். சீனப் பிள்ளைகள் அதுதான் பெயர் என்று நினைத்துக்கொண்டார்கள். அப்படியே எல்லா ஊருக்கும் போயிற்று. சுரபாயாவுக்கு ஒருமுறை போயிருந்தேன். பெரிய அரங்கம். எங்கள் பாஷை ஒரு வார்த்தை தெரியாத ஜனம் எழுந்து நின்று "தம்பி! தம்பி!" என்று கத்தியது. பக்கத்தில் இருந்தவனிடம், நான்தான் அவனுக்கு அண்ணன் என்று சைகையில் காட்டினேன். அவன் எழுந்து எனக்குக் கை கொடுத்தான். என் வாழ்நாளில் எத்தனை பெரிய ஆட்களிடம் கை குலுக்கியிருக்கிறேன். அந்தக் கைதான் நினைவில் இருக்கிறது.

ஆனால் நம் ஆட்கள் முன்னால் அவன் ஆடியதே இல்லை. அந்த ஆசை எனக்கு இருந்தது. அவன் ஆட்டக்காலம் முடியப்போகும் நேரத்தில், கோலாலம்பூர்க் குழு ஒன்றுக்காக ஆடிக்கொண்டிருந்தபோது, இறுதி ஆட்டம் ஈப்போவுக்கு வந்தது. நான் விடுவேனா? பஸ் பிடித்து, தாமான்களிலும் அடுக்கு வீடுகளிலும் சிதறிக் கிடந்த பழைய செம்மண் தோட்டத்து ஆட்களையெல்லாம் ஏற்றினேன். போகும் வழியில் முனியாண்டி கோயிலில் பஸ்ஸை நிறுத்தி, சுருட்டு வைத்து, எல்லாரும் கேட்கும்படி வேண்டிக்கொண்டேன்.

"கடைசிப் பந்தை என் தம்பி போடணும். போட்டுட்டான்னா உனக்குக் கடா."

வெறும் வாயால் வேண்டுகிறவன் நான் இல்லை. கடாவை முதல் நாளே வாங்கி அந்த மரத்தில் கட்டியாகிவிட்டது.

ஆட்டம் நம் பக்கமும் அவர்கள் பக்கமுமாகச் சாய்ந்து சாய்ந்து கடைசி மூச்சுக்கு வந்தது. நம் குழு ஒரு புள்ளி பின்னால். பந்து தம்பி கையில். செம்மண் தோட்டமே எழுந்து நின்று, "போடு தம்பி! போடு!" என்று கத்துகிறது. அவன் வளையத்துக்கு நேராக ஓடி எழும்பினான். அப்படியே காற்றில் இருந்தபடி, பார்க்காமலே, ஓரத்தில் நின்ற ஆ கியோங் என்ற நெட்டைப் பையனிடம் தட்டிவிட்டான். ஆ கியோங் போட்டான். விழுந்தது. மணி அடித்தது. ஜெயித்துவிட்டார்கள்.

அரங்கமே குதித்தது. எங்கள் வரிசை மட்டும் எழவு வீடுபோல உட்கார்ந்திருந்தது. பெரியம்மா ஒருவர் வாய்விட்டே கேட்டுவிட்டார்கள்: "கையில இருந்தத ஏன்டா அந்த சீனப் புள்ளைக்குக் குடுத்துட்டான்? பயந்துட்டானா?"

வெளியே வந்த தம்பியைக் கார் நிறுத்தும் இடத்தில் பிடித்துக்கொண்டேன். தலை ஈரம்கூடக் காயவில்லை.

"ஏன்டா குடுத்த?"

"என்னைய ரெண்டு பேரு மறைச்சுட்டானுங்க அண்ணே. ஆ கியோங் சும்மா நின்னான்."

"நான் சாமிக்கிட்ட சொல்லிட்டேன்டா!"

"எங்கிட்ட சொல்லலையே" என்றான். சொல்லிவிட்டுச் சிரித்தான்.

மறுநாள் காலை கோயிலுக்குப் போனோம். வேடிக்கை பார்க்க ஆ கியோங்கும் வந்திருந்தான். பூசாரி அண்ணன் தோட்டத்துக் காலத்திலிருந்து அந்த மரத்தடியை விட்டு நகராதவர். என்னிடம் விசாரணை வைத்தார்.

"நீ என்னான்னு வேண்டிக்கிட்ட?"

"கடைசிப் பந்தைத் தம்பி போடணும்னு."

"போட்டது யாரு?"

எல்லாரும் ஆ கியோங்கைப் பார்த்தார்கள். அவன் பயந்துபோய்த் தம்பியிடம் மலாயில் கேட்டான், இந்த ஆட்டுக்கு நானா பொறுப்பு என்று. கோயிலே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. "ஜெயிச்சாச்சுல்ல, தண்ணியத் தெளிங்க" என்றேன். மஞ்சள் தண்ணீர் தெளித்ததும் கடா உடம்பைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது, இல்லையென்றால் இல்லை என்று தம்பி அவனுக்கு விளக்கினான். பூசாரி தெளித்தார். கடா அசையவில்லை. மறுபடி தெளித்தார். கழுத்து மாலையைத் தின்றுகொண்டு கல்லுபோல நின்றது.

"சாமி வாங்கிக்கல" என்றார் பூசாரி. "சொன்னது நடந்தப்புறம் கொண்டு வா."

சாமிக்கு நேர்ந்ததை விற்கவும் முடியாது, தின்னவும் முடியாது. அதற்குள் நான் சொந்தமாக லோரிகள் வாங்கியிருந்தேன், என் லோரிக் கொட்டகையில் கட்டினேன். அங்கேயே வளர்ந்தது. அதன் பிறகு எந்த ஊரிலிருந்து கூப்பிட்டாலும் தம்பியின் முதல் கேள்வி, "கடா எப்படி இருக்கான்?" என்பதுதான். "உனக்காகத்தான்டா காத்துக்கிட்டு இருக்கான், வந்து ஒரு பந்து போட்டுட்டுப் போ" என்பேன்.

முழங்கால் போய், ஆட்டம் நின்று, ஒரேயடியாக வீட்டுக்கு வந்தான். என் ஆபீசில் நாற்காலி போட்டுக் கொடுத்தேன், உட்காரவில்லை. தைப்பிங்கில் ஒரு பள்ளியில் பெண் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக் கொடுக்கப் போனான். என் லோரி அந்தப் பக்கம் போனால் அதில் ஏறிக்கொள்வான். "இத்தனை ஊருல விளையாடுனவன் பொட்டப் புள்ளைங்களுக்குப் பந்து பொறுக்குறான் பாரு" என்று ஒரு சொந்தக்காரர் என் காதுபடச் சொன்னார். அவர் இன்றைக்கும் இந்தச் சாப்பாட்டுக்கு வந்திருப்பார். வரட்டும். அந்தப் பிள்ளைகள் அவன் காரியத்தன்று பள்ளிச் சீருடையோடு வந்து வாசலில் நின்றதை அவரும் பார்த்திருப்பார்.

பிறகு வயிறு வலிக்கிறது என்றான். கல்லீரலில் கட்டி. முற்றிவிட்டது என்றார் டாக்டர். எந்த ஊர் டாக்டரை வேண்டுமானாலும் கொண்டு வருகிறேன் என்று நான் ஆஸ்பத்திரியில் சத்தம் போட்டேன். டாக்டர் சின்ன வயதுப் பெண். என் கையைப் பிடித்து உட்கார வைத்து, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க அங்கிள், பக்கத்துல இருங்க" என்றார். லோரி, ஆள், பேர் எல்லாம் சம்பாதித்து வைத்திருக்கிறேன். அன்றைக்கு எதுவும் உதவவில்லை.

வீட்டில் படுத்திருந்தவன் ஒருநாள் கேட்டான்: "அண்ணே, கடாவ சாமிக்குக் குடுத்துடுங்க. எத்தனை வருஷமா கட்டி வச்சிருக்கீங்க."

"நீ பந்து போடு, குடுக்கறேன்."

"நான் எங்க போட?"

"எழுந்து வந்து போடு."

மனைவிகூட என்னைத் திட்டினாள், நோயாளியிடம் இப்படியா பேசுவது என்று. என் கணக்கு யாருக்கும் தெரியாது. வேண்டுதல் முடியாமல் இருக்கும்வரை தம்பிக்கு ஒரு ஆட்டம் மிச்சம் இருக்கிறது. அந்த ஆட்டம் ஆடும்வரை முனியாண்டி அவனை விட மாட்டார். கடாவைக் கொடுத்துவிட்டால் சாமிக்கும் எங்களுக்கும் பேச்சு முடிந்துபோகும். இப்படித்தான் நினைத்தேன். இன்றைக்கும் இது பைத்தியக்காரத்தனம் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் அவன் விடவில்லை. கோயிலுக்குப் போயே ஆக வேண்டும், கடாவும் வர வேண்டும் என்றான். கோலாலம்பூரிலிருந்து ஆ கியோங்கை வரவழைத்திருந்தான். கடாவை லோரியில் ஏற்றி, தம்பியைக் காரில் ஏற்றி, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் போனோம். கோயிலை ஒட்டித் தாமான்காரர்கள் ஒரு கூடைப்பந்துத் திடல் போட்டிருக்கிறார்கள். ஆ கியோங் சக்கர நாற்காலியைத் தள்ளி வளையத்துக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்தினான். மடியில் பந்தை வைத்தான்.

"போடு தம்பி" என்றேன்.

அவன் வளையத்தை அண்ணாந்து பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு பந்தை என்னிடம் தள்ளினான்.

"நீங்க போடுங்க அண்ணே."

"எனக்கு என்னா தெரியும்?"

"சும்மா நிக்கிறீங்கல்ல. போடுங்க."

போட்டேன். பலகையில்கூடப் படவில்லை. ஆ கியோங் ஓடிப்போய் எடுத்து வந்து தம்பி கையில் கொடுத்தான். தம்பி மறுபடி எனக்குத் தள்ளினான். மறுபடி தவறியது. "அண்ணே, வளையம் மேல இருக்கு, என்னா கல்லா எறியறீங்க?" என்று சிரித்தான். ஆ கியோங்கும் சிரித்தான். நானும் சிரித்தேன். எத்தனை முறை என்று எண்ணவில்லை. ஒன்றை மட்டும் கவனித்தேன். தட்டு பிடிக்கக்கூடத் தெம்பில்லாத கை அது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் பந்து சரியாக என் நெஞ்சுக்கு வந்தது. நான் குனிய வேண்டியதில்லை, நகர வேண்டியதில்லை, கையை விரித்தால் கைக்குள் இருக்கும். இத்தனை ஊரில் இத்தனை பேருக்கு இப்படித்தான் கொடுத்திருக்கிறான் என்று அப்போதுதான் தெரிந்தது. அண்ணனுக்கு அதைத் தெரியவைக்கத்தான் வரச் சொல்லியிருக்கிறான்.

கடைசியில் ஒன்று விழுந்தது. வளையத்தைச் சுற்றிக்கொண்டு, விழலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு, விழுந்தது.

கோயில் வாசலிலிருந்து பூசாரி அண்ணன் குரல் கொடுத்தார்: "பந்து யாரு குடுத்தது?"

"தம்பி" என்றான் ஆ கியோங்.

"அப்ப சரி. கடாவக் கொண்டா." மஞ்சள் தண்ணீர்ச் செம்பைக் கையில் எடுத்துவிட்டார்.

நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கடா சிலுப்பிவிடுமோ என்று பயம். யாருக்கும் பயப்படாதவன் என்று பேர் எடுத்தவன், ஒரு ஆட்டைப் பார்த்து நடுங்கினேன். "நான் போட்டது சேராது அண்ணே. இவன்தான் போடணும். உடம்பு தேறட்டும், வந்து போடுவான்" என்றேன். பூசாரி தம்பியைப் பார்த்தார். தம்பி என்னைப் பார்த்தான்.

"சரி, கடாவ லோரியில ஏத்துங்க லா" என்றான் ஆ கியோங்கிடம். "அண்ணன் சொன்னா சரி."

வீட்டுக்கு வரும் வழியில் என் தோளில் தலை சாய்த்துக்கொண்டு, "அடுத்த ஆட்டம் எப்ப அண்ணே?" என்று கேட்டான். "நீயே சொல்லுடா" என்றேன். அதற்குள் தூங்கிவிட்டான். அந்த வாரம் முடிவதற்குள் ஒரு விடியலில், அண்ணி கொடுத்த வெந்நீரை ஒரு மிடறு குடித்துவிட்டுப் போய்விட்டான்.

அவன் ஆடிய ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். மணிலாவிலிருந்து வந்த ஒருவர் எங்கள் வீட்டு நிலையில் குனிந்து நுழைந்து, பெட்டியில் இருந்தவனைப் பார்த்து, "தம்பி" என்று ஒரே ஒரு முறை கூப்பிட்டார். என்னை விட மூத்தவராகத் தெரிந்தார் ஒருவர், அவரும் தம்பி என்றார். பள்ளிப் பிள்ளைகளும் கோச் தம்பி என்றார்கள். எல்லாருக்கும் தம்பி. அண்ணன் நான் ஒருவன்தான்.

நன்றி சொல்லாமல் முடிக்கக் கூடாது. வீட்டுக்கே வந்து வலிக்கு ஊசி போட்ட தாதியருக்கும், அந்த டாக்டர் பிள்ளைக்கும் நன்றி. அவன் சாப்பிடுவது கஞ்சி ஒன்றுதான் என்று தெரிந்து, நாங்கள் கேட்காமலே தினமும் கொடுத்தனுப்பிய முனைக்கடை பாய்க்கு நன்றி. நாற்காலி தள்ளிய ஆ கியோங்குக்கு நன்றி என்று எழுதினால் கோபித்துக்கொள்வான், ஆனாலும் எழுதுகிறேன். முகம் சுளிக்காமல் கடைசிவரை பார்த்துக்கொண்ட என் மனைவிக்கு, வீட்டில் சொல்லாததை இங்கே அச்சில் சொல்கிறேன், நன்றி.

துக்க வீட்டுக்காரர்கள் ஒரு வருஷம் கோயில் வாசல் மிதிக்கக் கூடாது என்பதால் கடா இன்னும் என் கொட்டகையில்தான் நிற்கிறது. தாடி நரைத்துவிட்டது. இன்றோடு தடை விலகுகிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை அதை லோரியில் ஏற்றிக்கொண்டு முனியாண்டி கோயிலுக்குப் போகிறேன். இந்த மலரைப் பெற்ற அனைவரும் குடும்பத்தோடு வர வேண்டும். பூசாரி அண்ணன் தண்ணீர் தெளிக்கும்போது இந்த முறை நான் கையைப் பிடிக்க மாட்டேன். தம்பி சொல்லிவிட்டுப் போனதைச் செய்கிறேன். கடா சிலுப்பினால், அவன் கொடுத்து நான் போட்ட பந்தைச் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். எல்லாரும் இருந்து வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

சிலுப்பாமல் நின்றால் யாரும் வருத்தப்பட வேண்டாம். நான் அதைத் திரும்ப லோரியில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். தம்பிக்கு இன்னும் ஒரு ஆட்டம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
அண்ணன்